அம்மா மனம் மாறும் நாடகம்

‘அது மாதிரியே வேற ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்கிற யாருக்கும் ‘அது’ என்னவென்று தெரியாது. தூத்துக்குடியில் சுங்க மதிப்பீட்டாளனாக இருந்த காலம் முழுக்க நான் கண்டது இதைத்தான். இறக்குமதி செய்பவர் ‘பிளாஸ்டிக் சாமான்’ என்று எழுதிக் கொடுப்பார். பெட்டியைத் திறந்தால் பொம்மை இருக்கும். பொம்மைக்குள் மோட்டார் இருக்கும். மோட்டாரோடு ஒரு சின்ன விளக்கும் இருக்கும். அது பொம்மையா, மின்சாதனமா, விளக்கா என்று முடிவு செய்ய எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது சம்பளம் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறேன். ‘லவ் ஸ்டோரி’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். திறந்தால் உள்ளே மாமியார் இருக்கிறார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வாட்ஸாப் குழு உண்டு. கொரியா, சீனா, ஜப்பான், தாய்லாந்து, தைவான் என்று கிழக்கே எங்கெல்லாம் காதலிக்கிறார்களோ அந்த நாட்டுத் தொடர்களையும் படங்களையும் பார்ப்பவர்களுக்கான குழு. பெயர் ‘கண்ணீர் உப்பளம்’. உறுப்பினர்களில் ஆண் நான் ஒருவன்தான். என் மனைவிக்குக் கண்ணில் புரை எடுத்தபோது அவளால் சப்டைட்டில் வாசிக்க முடியவில்லை. பாதியில் நிற்கிற நாடகத்தை விட்டுவிட்டுப் படுக்கவும் முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். சொட்டு மருந்து தீர்ந்து, அவளே வாசிக்கத் தொடங்கிய பிறகும் நான் எழுந்து போகவில்லை. அன்றே என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

குழுவைத் தொடங்கியவள் முதல் மாடியில் இருக்கும் கயிற்றுக்கடை அம்மாளின் மகள். அந்த அம்மாள் என்னை அண்ணாச்சி என்பார், அதனால் மகளுக்கு நான் மாமா. சென்னையில் கணினி வேலைக்குப் போகும் முன் எங்கள் எல்லோருடைய போனிலும் வேண்டியதை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். பரிந்துரைப் பொறுப்பு மெல்ல என் கைக்கு வந்து சேர்ந்தது. அவளே ஒரு நாள் குழுவில் எழுதினாள்: மாமா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம் என்று. கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று நான் பதில் எழுதினேன். ஆனாலும் அந்தப் பாராட்டை ஓய்வூதிய ஆணைக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தேன்.

என் முறை எளிது. முதலில் அவர்களுக்குப் பிடித்தது எது என்று கேட்பேன். கதையைச் சொல்வார்கள். கதையை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்த்தீர்கள் என்று கேட்பேன். அதில்தான் விஷயம் இருக்கும். இரண்டாம் மாடியில் உப்பு வியாபாரியின் மனைவி பணக்காரன், ஏழைப்பெண், ஒப்பந்தக் கல்யாணம் என்று என்னென்னவோ சொல்வார். திருப்பிப் பார்த்தது என்னவோ கதாநாயகன் பாத்திரம் தேய்க்கிற இடம். அவருக்குப் பணக்காரனும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். அடுக்களைக்குள் வருகிற ஆண்பிள்ளை போதும். அந்தத் தலைப்பில் அவருக்கு ஏழெட்டு நாடகம் கொடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

எதிலும் அடங்காததற்கும் சுங்கத்தில் விதி இருக்கிறது. எந்தத் தலைப்புக்குள்ளும் வராத சரக்கு ஒன்று கப்பலில் வந்து இறங்கினால், அதற்கு மிக நெருங்கிய சரக்கு எதுவோ அதன் தலைப்பில் சேர்த்துவிட வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் கைவிட்ட பிறகுதான் இதை எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் நிறையத் திட்டியிருக்கிறேன்.

நாட்டுக்கு நாடு சரக்கும் வேறு. கொரியாவில் மழை பெய்தால் குடை ஒன்றுதான் இருக்கும். சீனாவில் ஐம்பது எபிசோடு; இருபதாவதில் ஒருவருக்கு ஞாபகம் போகும், நாற்பதாவதில் திரும்ப வரும், இடையில் நாம் பால் வாங்கி வந்துவிடலாம். தாய்லாந்தில் முதலில் அறைவார்கள், பிறகு காதலிப்பார்கள். ஜப்பானியர்கள் கடைசி எபிசோடு வரை ஒருவரிடம் ஒருவர் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லும்போது ரயில் போகும். தைவான்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரத் தெரியாது. கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதையெல்லாம் முழுக்கப் பார்த்தவன்தான் சொல்ல முடியும்.

கயிற்றுக்கடை அம்மாளும் மகளும் சேர்ந்து பார்த்தது ஒரு கொரிய நாடகம். மழை பெய்யும் சின்ன ஊர், நூடுல்ஸ் கடை நடத்தும் பெண், கலங்கரை விளக்கத்தைப் பழுது பார்க்க வருகிறவன். மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இருவரும் அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். கதாநாயகிக்கு அம்மா கிடையாது. நிம்மதியான ஏற்பாடு.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்த மகள் நாடகத்தைப் போடவில்லை. தான் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகக் கடையில் வைத்தே சொல்லிவிட்டாள். பையன் மணப்பாட்டுக்காரன், சரக்குக் கப்பலில் அதிகாரி. கயிற்றுக்கடை அம்மாள் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக் குடும்பம். பையன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதுதான் குற்றச்சாட்டு. புருஷன் இறந்த பிறகு தனியாக அந்தக் கடையை அவர் இத்தனை வருஷம் நடத்தியதே வேதக்காரர்களிடம் கயிறும் வலை நூலும் மிதவையும் விற்றுத்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய் முன்வரிசையில் உட்கார்ந்து வருபவர். அது வியாபாரம், இது வீடு என்றார். அவனைக் கட்டுவதாக இருந்தால் இனி என்னிடம் பேசாதே என்று வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சொன்னார். மகள் சரி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

அந்தக் கடையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பேரம் கிடையாது. சொன்ன விலை சொன்னதுதான். தருவைகுளத்துப் படகுக்காரர்கள் புதிதாக வந்து குறைத்துக் கேட்டால், அந்த அம்மாள் பதில்கூடச் சொல்லாமல் அடுத்த ஆளைப் பார்ப்பார். தவறிக் குறைத்துச் சொல்லிவிட்டாலும் அதே விலைக்குக் கொடுத்துவிடுவார், நஷ்டமானாலும். துறைமுகச் சாலையில் அவருக்கு இருந்த மரியாதை முழுவதும் அதில்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். மகளும் அவர் வயிற்றில் பிறந்தவள்.

ஆனால் மகள் குழுவை விட்டுப் போகவில்லை. எப்போதாவது ஒரு நாடகத்தின் பெயரைப் போடுவாள், ‘நல்லா இருக்கு’ என்பாள். அவள் போட்ட அன்று இரவே அம்மாள் அதைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இரண்டு பேரும் ஒரே குழுவில் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். மற்ற நாங்கள் கவனிக்காதது போல உப்பளத்தில் அழுதுகொண்டிருந்தோம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் வலை புதுப்பிப்பார்கள். கயிற்றுக்கடையில் கூட்டம் நெரியும். ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அம்மாள் எனக்குப் போன் செய்து கடைக்கு வரச் சொன்னார். போனேன். புது நைலான் வாசனை. கல்லாவில், கயிற்றுச் சுருள் ஒன்றில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஏதோ ஒரு சீன இளவரசி உறைந்து நின்றாள்.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு நாடகம் வேணும்” என்றார்.

“என்ன மாதிரி?”

“அந்த நூடுல்ஸ் கடைக்காரி மாரியே. ஆனா அம்மா இருக்கணும். அம்மக்காரி மொதல்ல வேண்டாங்கணும். பொறவு சரிங்கணும்.” கொஞ்சம் யோசித்து, “சாகக் கூடாது” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் விண்ணப்பதாரர் வாயால் வரவேண்டியது வர வேண்டும். யாருக்கு என்று கேட்டேன்.

“நீங்க குரூப்புல போடுங்க. அவ பாப்பா. நீங்க சொன்னா பாப்பா. பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும்லா.”

“தெரியறதுக்கு ஒரு போன் போதுமே தங்கச்சி.”

“பேசாதன்னு சொல்லியாச்சு அண்ணாச்சி. சொன்னதை எடுத்து வாய்க்குள்ள போட முடியாது.”

எப்போது மனம் மாறியது, எதனால் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், ஒரு வாடிக்கையாளருக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு நிறுத்துக்கொண்டே. வீட்டில் சண்டை போட ஆள் இல்லாமல் சோறு இறங்கவில்லையாம். அவ்வளவுதான் காரணம். எந்த நாடகத்திலும் இதைவிட நல்ல காரணம் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தேடினேன். இதற்கு முன் எந்தப் பரிந்துரைக்கும் இப்படி உழைத்ததில்லை. மழைக்குப் பஞ்சமில்லை, நூடுல்ஸுக்கும் பஞ்சமில்லை. தாய்மார்கள்தான் சரியாக அமையவில்லை. ஒரு தாய் காசு வைத்த உறையை நீட்டி மகனை விட்டுப் போய்விடு என்கிறாள். ஒரு தாய் எதிரில் இருப்பவள் முகத்தில் தண்ணீரை ஊற்றுகிறாள். ஓட்டலில் தண்ணீர் வைப்பதே அதற்குத்தான் போலிருக்கிறது. ஒரு தாய் பிடரியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்கிறாள். சீனத்தில் தாய் என்றால் மகாராணி. கஷாயத்தில் விஷம் வைப்பாள். ஜப்பானியத் தாய் ஒருத்தி உண்மையிலேயே மனம் மாறினாள். ஆனால் முள்ளங்கி சீவிக்கொண்டே மாறினாள். அவள் மாறியது அவள் மகளுக்கே தெரியவில்லை. திருந்துகிற தாய்மார்களும் உண்டு. மருமகன் கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும், அல்லது தாய்க்குப் புற்றுநோய் வர வேண்டும். சும்மா உட்கார்ந்து, சோறு இறங்காமல், சரி என்று சொன்ன தாய் ஒருத்தியும் அகப்படவில்லை.

என் மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க ரிட்டயர் ஆனது கப்பலுக்கெல்லாம் தெரிஞ்சிட்டு. உங்களுக்குத்தான் தெரியல. அந்தப் பிள்ளைக்கு ஒரு போனைப் போட்டு, ஒங்கம்மா சரின்னுட்டான்னு சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க.”

அது என் அதிகார வரம்புக்குள் வராது என்றேன். ஒருவர் சம்மதத்தை இன்னொருவர் தெரிவிக்க முடியாது, தெரிவித்தால் செல்லாது. அவள் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. கொரியாவின் தெற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். நெத்திலிக் கருவாட்டுக் கடை நடத்தும் விதவைத் தாய், ஒரே மகள். மகள் விரும்புகிறவன் தீவுக்காரன், கப்பலில் வேலை. தாய் ஒரேயடியாக மறுக்கிறாள். கடைசி எபிசோடில், படகுத் துறையில், ஒன்றும் பேசாமல் அவன் கையில் சோற்று மூட்டையைத் திணிக்கிறாள். உறை கிடையாது, புற்றுநோய் கிடையாது. மிக நெருங்கிய சரக்கு என்பார்களே, இதைவிட நெருக்கம் தயாரித்துக் கொடுத்தாலும் வராது.

பதினாறு எபிசோடு. நான் முதல் இரண்டையும், நடுவில் ஒன்றிரண்டையும், கடைசியையும் பார்த்தேன். எல்லாப் பெட்டியையும் எந்த மதிப்பீட்டாளனும் திறப்பதில்லை. ஒரு பங்கு திறப்பான், சரியாக இருந்தால் மீதியைச் சரி என்று விடுவான். அதுதான் நடைமுறை, இல்லாவிட்டால் துறைமுகமே நின்றுவிடும். நல்ல சரக்கை முன்னால் வைத்து, வேண்டாததை நடுவில் புதைப்பதுதான் கடத்துகிறவர்களின் பழக்கம். இதுவும் எனக்குத் தெரியாததல்ல. பணியில் சேர்பவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

குழுவில் போட்டேன். நூடுல்ஸ் கடை நாடகம் பிடித்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. தாய் பாத்திரம் மிகவும் சிறப்பு. என் முழுப் பரிந்துரை. அம்மாள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மகள் எதுவும் எழுதவில்லை, ஆனால் வாசித்துவிட்டாள் என்று தெரிந்தது.

சில நாட்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளிடமிருந்து குழுவில் செய்தி வந்தது. “பதினாலாவது எபிசோட் பாத்தேன் மாமா. யாருக்காகப் போட்டதுன்னு தெரியும். ஆஸ்பத்திரி நாடகம் எல்லாம் எங்கிட்ட வேண்டாம்.” அதற்குக் கீழே, அவள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள் என்ற அறிவிப்பு. குழுவைத் தொடங்கியவளே போய்விட்டாள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. உப்பு வியாபாரியின் மனைவி மட்டும் அழும் முகம் ஒன்றைப் போட்டு, உடனே அதையும் அழித்தார்.

நான் பதினாலாவதைத் திறந்தேன். கருவாட்டுக் கடைத் தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். கையில் குளுக்கோஸ். மகள் அழுதுகொண்டு ஓடி வருகிறாள். அவனை விட்டுவிடுகிறேன் அம்மா என்கிறாள். மகள் வெளியே போனதும் தாய் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த கொழுக்கட்டையை எடுத்துத் தின்கிறாள். அடுத்த எபிசோடில் பொய் உடைகிறது. அதன் பிறகுதான் அந்தச் சோற்று மூட்டை.

போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஞாயிறு ஆனாலும் தடைக்காலத்தில் அவர் கடையைப் பூட்டுவதில்லை. அந்த எபிசோடை அவர் முன்னால் போட்டேன். அவர் அதுவரை அந்த நாடகத்தைப் பார்த்திருக்கவில்லை. என் முத்திரை விழுந்த சரக்கை எதற்குத் திறந்து பார்ப்பது என்று இருந்துவிட்டார். இப்போது கண் எடுக்காமல் பார்த்தார். கொழுக்கட்டை வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எம்மவ என்னைய இப்படியா நெனைக்கா?” என்றார்.

தப்பு என்னுடையது என்று விளக்கினேன். மாதிரிப் பெட்டிகள், நடைமுறை, நடுவில் புதைப்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கயிற்றை அளந்து சுற்றிக் கட்டினார். பிறகு, குரலை உயர்த்தாமல், “இப்பம் குரூப்புல போட்டா அவ வாசிக்கதுக்கும் வழியில்ல” என்றார்.

அன்று இரவு தொடங்கி மறுநாள் இரவுக்குள் அந்த நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு நிமிடத்தையும் ஓட்டாமல் பார்த்தேன். பிறகு மகளுக்குத் தனியாகப் பிழைதிருத்தம் அனுப்பினேன். அரசாணை எழுதுவது போலவே எழுதினேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது. மேற்படி பரிந்துரை முழுப் பரிசோதனை செய்யப்படாமல் வழங்கப்பட்டது. பதினான்காம் பகுதியின் உள்ளடக்கம் பரிந்துரைத்தவருக்கும் தெரியாது, பரிந்துரையைக் கோரியவருக்கும் தெரியாது. பரிந்துரைத்ததன் நோக்கம் பதினாறாம் பகுதி மட்டுமே.

காலையில் அவளே கூப்பிட்டாள்.

“பதினாலாவதை நீங்க பாக்கவே இல்லையா மாமா?”

“இல்லை.”

“நீங்களா? கடலைமிட்டாய் பாக்கெட்டைக்கூட திருப்பித் திருப்பிப் பாத்துத்தான வாங்குவிய.”

அந்தக் கடலைமிட்டாய் என்னை ஓய்வு பெறுவதற்கு முந்தைய எந்த விசாரணையையும் விட அதிகமாகக் குத்தியது. பிறகு, “பதினாறாவதுன்னு போட்டிருக்கிய. அப்ப அம்மா சரிங்காளா?” என்றாள்.

“அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

“சரி, உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதைக் கேக்கேன். நோட்டீஸ் காலம் முடிஞ்சிட்டு. வார வியாழக்கிழமை இங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் வச்சிருக்கு. மூணு சாட்சி வேணும். ரெண்டு பேர் இருக்காவ. மூணாவதா நீங்க வாரியளா மாமா?”

எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது. எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்; தாய்மாமன் என்று யாரும் என் தோளில் துண்டு போட்டு முன்னால் கூப்பிட்டதில்லை. பதிவு அலுவலகத்தில் துண்டு இல்லை, பேனாதான். ஆனாலும் அது அந்த இடம்தான். என்ன கொண்டு போக வேண்டும், எந்த ரயில், எந்தச் சட்டை என்பது வரை ஒரு நொடியில் மனதுக்குள் போய்விட்டது.

“மாட்டேன்” என்றேன்.

“ஏன் மாமா?”

“அந்த இடத்துக்கு ஆள் இருக்கு.”

“அவ வர மாட்டா.”

“கேட்டுப் பாத்தியா?”

“பேசாதன்னு சொன்னது அவதான. அவதான் எடுக்கணும்.”

நான் இன்னும் அழுத்தமாக மறுத்தேன். மூன்றாம் சாட்சி இல்லாவிட்டால் தெருவில் போகிற யாரையாவது பிடித்துக் கொள், என்னைக் கூப்பிடாதே என்றேன். அவள் கோபமாகத்தான் போனை வைத்தாள். என் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். கடைக்குப் போய்ச் சேரும் வரை அதன் பொருளை நான் யோசித்துக்கொண்டே போனேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

தடைக்காலம் முடிய அந்த ஒரு வாரம்தான் இருந்தது. வியாழன் கழித்து வெள்ளிக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. கடை வாசலில் மினி லாரிகள் நின்றன. உள்ளே ஆட்கள் தோளோடு தோள் உரச நின்று கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷத்தில் அந்த வாரத்து வியாபாரத்தைத்தான் அவர் நம்பியிருப்பார். ஒரு மிதவை மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவரே என்னிடம் வந்தார்.

“இன்னொண்ணு பாருங்க அண்ணாச்சி. இந்தத் தடவ முழுசாப் பாத்து.”

“நாடகம் கிடையாது தங்கச்சி. அஞ்சு நாட்டு நாடகத்தையும் பாத்தாச்சு. அம்மா தானா வந்து சரின்னு சொன்னது ஒண்ணுலயும் இல்ல.”

அவர் கயிற்றுச் சுருளைத் தடவிக்கொண்டு நின்றார். நான் வியாழக்கிழமையைச் சொன்னேன். மூன்று சாட்சி வேண்டும், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். என்னைக் கூப்பிட்டதையும், நான் மறுத்ததையும் சொன்னேன். ஏன் மறுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டார். சொன்னார். வந்தவர் குறைக்கச் சொல்லவில்லை, பழைய ஆள்.

“பெத்த தாயி சாட்சிக் கையெழுத்து போடலாமா? சட்டத்துல எடம் உண்டா?” என்றார்.

“தடை ஒண்ணும் இல்ல.”

“என்ன கொண்டு போணும்?”

அடையாள அட்டை, அதன் நகல், ஒரு புகைப்படம் என்றேன். படிவத்தில் சாட்சியின் விவரத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கும், அதனால் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து முன்கூட்டியே சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பிவிடுவது நல்லது என்றேன். சம்பந்தப்பட்டவர் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“நான் பேச மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“இதுல பேச்சு எங்க இருக்கு? இது ஆவணம்.”

அவர் என்னை நன்றாக ஒரு முறை பார்த்தார். பிறகு கல்லாப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, பாலித்தீன் உறைக்குள் இருந்த ஆதார் அட்டையை எடுத்தார். கயிற்றுச் சுருள் மேல் வைத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்தார். மகளின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது மேலேயே இருந்தது. ஒரு வார்த்தையும் எழுதாமல் இரண்டு படத்தையும் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். வந்திருந்த ஆளுக்கு வலை நூல் எடுத்துக் கொடுத்தார். சில்லறை கொடுத்தார். அடுத்தவருக்கு நங்கூரக் கயிறு அளந்தார். அளந்ததை மறந்து இன்னொரு முறை அளந்தார்.

போன் முனகியது. அவர் திருப்பவில்லை. நான் திருப்பினேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது என்று என்னிடமே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“பின்பக்கம் மங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியல. வெளிச்சத்துல வச்சு எடு.”

அம்மாள் அளவுக்கோலைக் கீழே வைத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரே ஒரு முறை வாசித்தார்.

“என்னைக்கும் இவளுக்கு இதே வேலைதான்” என்றார். “நான் எடுத்த போட்டோ ஒண்ணு அவளுக்குப் பிடிச்சிருக்கா?”

கடைக்குள் வெளிச்சம் போதாது. வாசலுக்கு வந்தோம். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. லாரிகளின் தார்ப்பாய்கள் அடித்துக்கொண்டன. நான் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலுக்குத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் தூக்குங்க, உங்க விரல் மறைக்கு என்றார். விரலை நகர்த்தினேன். எடுத்தார். பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தார். பாதியை மட்டும் பார்த்து விடவில்லை. அனுப்பினார்.

பின்னால் யாரோ, வியாழக்கிழமை காலையில் வந்து மீதிக் கயிற்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அம்மாள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வியாழக்கிழமை கடை கெடையாது. வேணுங்கத இப்பமே எடுத்துக்கிடுங்க.”

சொன்னது சொன்னதுதான் என்று அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் மறுபேச்சில்லாமல் லாரியைப் பின்னால் எடுத்தார்.